நாற்பத்தேழாவது வரிசை

ஜனவரி 5

இந்த டைரி உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அச்சடித்திருக்கிறார்கள். எழுத இடம் கொஞ்சம் குறைவுதான். போகட்டும், இன்று முதல் நான் தொழில்முனைவோர். தொழில்முனைவோர் டைரி எழுத வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

தொழில்: ஆன்லைனில் கல்வி வழிகாட்டுதல். பெயர்: எம்.பி. மென்ட்டரிங். எம்.பி. என்றால் மோகனப்பிரியா. அலுவலகம் பவானியில் எங்கள் வீட்டு மாடியறை, அதாவது அம்மா வெங்காயம் பரப்பி வைக்கும் அறை. தகுதி: பி.எஸ்சி. புள்ளியியல், போன மே மாதம் முடித்தது, பல்கலைக்கழகத்தில் நான்காவது ரேங்க்.

மூன்றாவது ரேங்க் வாங்கியவளுக்கும் எனக்கும் ஐந்து மதிப்பெண் வித்தியாசம். முதல் மூன்று பேருக்கு மேடை, பதக்கம், சென்னையில் உதவித்தொகையோடு எம்.எஸ்சி. இடம். நான்காவதுக்கு ஒரு வாழ்த்து மின்னஞ்சல். அதைப் பற்றி இந்த டைரியில் எழுதப் போவதில்லை. நான் அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன்.

அப்பா தன் ஜெராக்ஸ் கடையிலேயே எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொண்டுவந்தார். அதில் என் பெயருக்கு முன்னால் 'புரொபசர்' என்று போட்டிருந்தது. திருத்தச் சொன்னேன். "அடிச்சாச்சே அம்மிணி, இருநூறு கார்டு" என்றார். கடைசியில் அந்த வார்த்தையை மட்டும் கத்தரித்து எடுத்தோம். கார்டு இப்போது பேருந்துச் சீட்டு அளவுக்கு வந்துவிட்டது.

ஜனவரி 8

முதல் மாணவி. கரூர் பிரணிதா, பி.காம். முதலாண்டு. வணிகப் புள்ளியியலில் பயம்.

"சராசரின்னா என்ன பிரணிதா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் கூட்டி, எத்தனை பேரோ அத்தனையால வகுக்கறதுங்க மிஸ்" என்று பதில் வந்தது. குரலுக்கு நாற்பது வயது இருக்கும். திரையில் பிரணிதா வாயே திறக்கவில்லை.

"பக்கத்துல அம்மா இருக்கீங்களாங்க?"

"ஆமாங்க மிஸ். அவளுக்குத் தெரியும், கூச்சப்படறா. நான் சும்மா எடுத்துக் குடுத்தேன்."

ஒரு மணி நேரமும் அம்மாவே எடுத்துக் கொடுத்தார். நன்றாகப் படிக்கிறார்.

ஜனவரி 11

யாரும் சேரவில்லை. அம்மாவுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 15

பொங்கல். வந்த ஒறம்பறை, சொந்தபந்தம் பூராவும், என்ன வேலை பார்க்கிறாய் என்ற ஒரே கேள்வியை என்னிடம் கேட்டது. மென்ட்டரிங் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டியூசன்" என்றார்.

ஜனவரி 19

இரண்டாவது மாணவி, விசாலாட்சி என். என்று பதிவு. அழைத்தால் ஆண் குரல்.

"வணக்கமுங்க மேடம். இது என்ற சம்சாரத்தோட போனுங்க. படிக்கறது நானுங்க."

ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக வாத்தியாராம். பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுத்திருக்கிறார். வெளியூர்த் தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணக்கு முழுவதும் கையால் போட்டிருக்கிறதாம், சாஃப்ட்வேரில் மறுபடி போட்டு வரைபடத்தோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதில் தேறாவிட்டால் ஜூனில் வேலை இல்லை என்று நிர்வாகம் ஓலை கொடுத்துவிட்டது.

"உங்க கல்லூரியிலேயே தெரிஞ்சவங்க இருப்பாங்களே?"

"சின்னப் பசங்ககிட்டப் போயி நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க மேடம்."

காலை ஐந்தரைக்குத்தான் நேரம் தோதுப்படுமாம். கேமரா போட முடியாதாம். நானும் மாணவர்களிடம் கேமரா போடுவதில்லை, வெங்காயம் தெரியும். சரி என்றேன்.

ஜனவரி 21

விசாலாட்சியின் கணவருக்கு ஒரு இடத்தில் இருப்பதை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டத் தெரியவில்லை. எல்லா எண்ணையும் தாளில் எழுதிப் பார்த்து மறுபடி தட்டுகிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறார். முடிக்கும்போது "ஆகவே" என்று சொல்லி நிறுத்துகிறார். ஆகவேக்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை.

இந்தச் செருமலை எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஈரோட்டுக்கு இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இந்தத் தொண்டைதான்.

ஜனவரி 24

விசாலாட்சியின் கணவர் எங்கள் நாச்சிமுத்து சார் இல்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். ஏனென்றால் அவர் நாச்சிமுத்து சாராக இருந்தால் நான் சொல்லித்தர மாட்டேன். நான் சொல்லித்தருகிறேன். எனவே அவர் இல்லை.

எழுத மாட்டேன் என்று சொன்னதை ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். நாச்சிமுத்து சார் எங்கள் துறைத் தலைவர். நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரியின் தரத்தைச் சோதிக்க ஆய்வுக்குழு வந்தது. இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. குழு வகுப்புக்குள் வரும்போது சார் பலகையில் நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். "இதற்கு விடை யார் சொல்வீர்கள்?" என்று கேட்பார். முதல் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து பாயிண்ட் மூணு ஆறு என்று சொல்ல வேண்டும். பதினோரு முறை எழுந்து பாயிண்ட் மூணு ஆறு சொல்லிப் பழகினேன்.

அன்று குழு வந்தது. சாருக்குப் பதற்றமாக இருந்திருக்க வேண்டும். ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார். பலகையில் இருந்த கணக்குக்கு விடை பாயிண்ட் நாலு எட்டு. நான் எழுந்தேன். மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "சார், மூணாவது வரியில ஒரு எண்ணு மாறியிருக்குதுங்க" என்றேன். குழுவில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

சார் திட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து நிகழ்தகவுத் தாளுக்கு, கல்லூரியில் சாரே போடும் இன்டர்னல் மதிப்பெண் வந்தது, இருபத்தைந்துக்குப் பதினொன்று. எல்லாப் பரீட்சையிலும் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்குப் பதினொன்று. அறைக்குப் போய்க் கேட்டேன். "பணிவு, ஒழுக்கம் எல்லாம் சேத்தித்தான் இன்டர்னல். உங்கப்பன் கடையில உக்கார்றதுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார்.

எனக்கு இப்போது அந்த மதிப்பெண் வேண்டாம். பல்கலைக்கழகக் கணக்கு மூடியாயிற்று, அது இனிமேல் திருந்தாது. அந்த மனுஷன் ஒரு தடவை, நாலு பேர் கேட்க, அது தப்பு என்று சொன்னால் போதும்.

இதற்கும் விசாலாட்சியின் கணவருக்கும் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 3

இன்று கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன். அவர் சேமிக்காமலேயே கோப்பை மூடிவிட்டார். நாலு நாள் உழைப்பு போயிற்று.

"இதுகூடத் தெரியாம எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றேன். இது நாச்சிமுத்து சார் முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் சொல்லும் வாக்கியம். ஏதோ தற்செயலாக வாயில் வந்துவிட்டது.

"தப்புத்தானுங்க மேடம்."

"நாளைக்கு வரும்போது பத்துத் தடவை சேமிச்சுப் பழகிட்டு வாங்க. பத்துத் தடவை."

"சரிங்க மேடம். ஆகவே..."

மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பிப்ரவரி 4

பத்துத் தடவை சேமித்துப் பழகியிருக்கிறார். பத்துக் கோப்பாகச் சேமித்து எனக்கே அனுப்பியும் இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். எனக்கு நேற்றைய சோறு இப்போது நெஞ்சில் நிற்கிறது.

பிப்ரவரி 9

கடைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடை எங்கள் கல்லூரிக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் படித்து முடித்த பிறகு அந்தத் தெருவுக்குப் பெரும்பாலும் போவதில்லை.

"உங்க சாரு பொங்கலுக்கு மறுநா வந்தாரு அம்மிணி" என்றார் அப்பா, ரசத்தைப் பிசைந்துகொண்டே. "நாச்சிமுத்து சாரு. ஏதோ பிரிண்ட் போட வந்தாரு. பாப்பா என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. ஆன்லைன்ல பாடம் எடுக்குதுங்க, கம்ப்யூட்டர்ல எல்லாக் கணக்கும் போடும்னு சொல்லிக் கார்டு குடுத்தேன். ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அதான்."

அப்பா இருநூறு பேருக்குக் கார்டு கொடுத்திருக்கிறார். இருநூறில் ஒன்று. புள்ளியியல்படி அது ஒன்றையும் நிரூபிக்காது.

பிப்ரவரி 10

வகுப்பு எடுத்தேன். ஒன்றும் நடக்காதது போல எடுத்தேன். அவரும் ஒன்றும் நடக்காதது போலத்தான் படித்தார். இத்தனை நாளும் அவர் அப்படித்தான் படித்திருக்கிறார் என்று இன்று தோன்றியது. என் குரல் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் குரல்தான் ஆய்வுக்குழு முன்னால் எழுந்து பேசியது.

பிப்ரவரி 15

ஆய்வின் முழுத் தரவும் வந்து சேர்ந்தது. தலைப்பு: இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைத் தேர்வு மதிப்பெண்ணை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அவருடைய துறையில் கடைசி மூன்று வருடம் நிகழ்தகவுத் தாள் எழுதிய அறுபத்து மூன்று பேர். பெயர் இல்லை, வரிசை எண் மட்டும். பக்கத்தில் இன்டர்னல், அதற்குப் பக்கத்தில் பல்கலைத் தேர்வு.

வரிசை 45: 21, 60.

வரிசை 46: 18, 52.

வரிசை 47: 11, 72.

அந்தத் தாளில் எழுபத்தைந்துக்கு எழுபத்திரண்டு வாங்கியவள் எங்கள் செட்டில் ஒருத்திதான். திரையை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அம்மா உலர்த்தியிருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்தேன். ஈரத்துணியையும் சேர்த்து மடித்துவிட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

பிப்ரவரி 17

வரைபடம் போடும் வகுப்பு. ஒவ்வொரு மாணவரும் ஒரு புள்ளி. இன்டர்னல் கூடக் கூடத் தேர்வு மதிப்பெண்ணும் கூடுகிறது. புள்ளிகள் எல்லாம் சாய்வாக மேலே ஏறுகின்றன, நடுவே ஒரு கோடு. ஒரு புள்ளி மட்டும் இடது மூலையில் உச்சியில் தனியாக நிற்கிறது. இப்படிக் கூட்டத்தோடு ஒட்டாத புள்ளிக்கு எங்கள் பாடத்தில் அவுட்லையர் என்று பெயர்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு செருமினார்.

"அது ஒன்னு மட்டும் கோட்டைக் கெடுக்குதுங்களே மேடம். எடுத்துடலாமுங்களா?"

"எழுதும்போது தப்பா எழுதியிருந்தா திருத்தலாம். தப்பு இல்லைன்னா எடுக்கக் கூடாது. ஏன் அப்படி வந்துச்சுன்னு சொல்லணும்."

"பதிவேட்டைப் பாத்துட்டு வர்றனுங்க."

பாடத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 18

சும்மா போட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழோடு கணக்குப் போட்டால் இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பாயிண்ட் ஏழு ஒன்பது. அந்த வரிசையை நீக்கினால் பாயிண்ட் எட்டு எட்டு. அவள் ஒருத்தி போய்விட்டால் எல்லாம் அழகாகிவிடுகிறது.

பிப்ரவரி 19

"பாத்துட்டனுங்க மேடம். பதினொன்னுதானுங்க. எழுத்துப் பிழை இல்லீங்க."

"அப்ப ஏன் பதினொன்னு?"

அவர் வீட்டில் குக்கர் விசில் மூன்று முறை அடித்தது.

"காரணம் தெரியாட்டி வைவாவுல என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு அப்ப உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கலாமுங்களா?"

எனக்கு அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லை. கால் சுளுக்கிய அன்றுகூட நொண்டிக்கொண்டு போனேன். இதை எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. அவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது.

"வருகைப் பதிவேடு என்ன சொல்லுது?"

மறுபடி செருமல். "நூறு சதவீதமுங்க."

"அப்படின்னா அந்தப் பொண்ணு படுத்துக்கிட்டே வகுப்புக்கு வந்துச்சுங்களா?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பிறகு மென்ட்டருக்கு உடல்நலம் சரியில்லை, ஒரு வாரம் வகுப்பு கிடையாது என்று செய்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 21

வகுப்பு இல்லை. இருந்தும் ஐந்தரைக்குத் திரையில் வருகிறது: விசாலாட்சி என். காத்திருக்கிறார். அனுமதிக்கவா, மறுக்கவா? இரண்டையும் அழுத்தவில்லை. ஆறரை வரை காத்திருந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 22

காத்திருக்கிறார்.

பிப்ரவரி 23

காத்திருக்கிறார். மாதிரித் தேர்வில் பிரணிதாவின் அம்மா ஐம்பதுக்கு நாற்பத்தாறு. பிரணிதா பத்தொன்பது.

பிப்ரவரி 24

இன்று ஒன்று புரிந்தது. கையால் போட்ட பழைய ஆய்வேட்டின் பிரதி அந்த வெளியூர்த் தேர்வாளரிடம் இருக்கிறது. அதில் அறுபத்து மூன்று வரிசையும் உண்டு. புதிய கணக்கில் அறுபத்திரண்டுதான் வந்தால் அந்த ஆள் விடமாட்டார். தரவை மறைத்ததாக எழுதுவார். பிஎச்.டி. போகும், அதோடு ஜூனில் வேலையும் போகும். இவருக்கு அது தோன்றவில்லை. பதற்றத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றாது.

ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 'எடுத்துடுங்க' என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். நான் சொன்னால் செய்வார். பத்துத் தடவை சேமிக்கச் சொன்னதற்குப் பத்துக் கோப்பு அனுப்பிய மனுஷன்.

தட்டினேன். அனுப்பவில்லை. அழித்தேன். அம்மா கூப்பிட்டார், போய் மாவு ஆட்டினேன். வந்து மறுபடி தட்டினேன். திருப்தியாக இருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளர் காபி குடித்தேன்.

பிப்ரவரி 26

அனுமதித்தேன்.

"உடம்பு இப்பப் பரவாயில்லீங்களா மேடம்?"

"ம்."

"சுடுதண்ணி குடிங்க. மாசிப் பனி ஒத்துக்காது." செருமிவிட்டு, "அந்த நாப்பத்தேழு பத்தித்தானுங்க மேடம். நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். வேண்டாம்னா வெச்சுக்கறேன். நீங்க சொல்றதுதானுங்க" என்றார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவருக்கு வாழ்க்கையில் வராது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கட்டும்" என்றேன். "பழைய ஆய்வேட்டுல அறுபத்து மூணு இருக்கு. இப்பக் குறைஞ்சா மாட்டிக்குவீங்க."

அவர் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

"அது எனக்குத் தோணவே இல்லீங்க. நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தா..." நிறுத்திவிட்டார். ஆகவே வரவில்லை.

"வேற என்ன சந்தேகம்?"

"சந்தேகமில்லீங்க. அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுதோ தெரியலீங்க மேடம். கெட்டிக்காரப் பொண்ணு."

"நல்லாத்தான் இருக்கும். பாடத்துக்கு வாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால், தொழில் தர்மம். என் மாணவர் தோற்றால் எனக்குத்தான் கெட்ட பெயர். வேறொன்றும் இல்லை. நாற்பத்தேழை நீக்கிவிட்டால் அவள் அந்தக் கல்லூரியில் படித்ததற்கே அடையாளம் இருக்காது என்பதும் ஒரு காரணம்தான்.

மார்ச் 12

வைவா ஒத்திகை ஆரம்பித்துவிட்டோம். ஒத்திகை என்ற வார்த்தையை நான்தான் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சரி என்றார். நான் வெளியூர்த் தேர்வாளர், அவர் அவரேதான்.

"ஸ்லைடு பதினாலுல இந்தப் புள்ளி ஏன் தனியா இருக்கு?"

"அது அளவீட்டுப் பிழைங்க."

"யாரு அளந்தது?"

"மேடம், வேற கேள்வி கேளுங்க."

மார்ச் 19

"யாரு அளந்தது?"

"பல்வேறு சூழல் காரணிகள்..."

"சூழலா மார்க் போட்டுச்சு?"

"வேற கேள்வி கேளுங்க மேடம்."

மார்ச் 20

பிரணிதாவின் அம்மா அழைத்தார். மகளுக்கு இன்னொரு மென்ட்டர் பார்த்திருக்கிறார்களாம். "எனக்கு மட்டும் வகுப்பு எடுப்பீங்களா மிஸ்? நான் ப்ளஸ் டூவோட நிறுத்துனவ. வீட்டுல இருந்தே கரஸ்ல டிகிரி போடலாம்னு இருக்கேன்." சரி என்றேன். இந்த வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மார்ச் 30

சாஃப்ட்வேர் முழுக்கக் கைவந்துவிட்டது அவருக்கு. நான் காட்டித்தராத ஒரு வரைபடத்தைத் தானாகவே போட்டு அனுப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

நாற்பத்தேழைப் பற்றிய கேள்வியை நாலாவது முறையாகக் கேட்டேன். நாலாவது முறையும் வேறு கேள்வி கேட்கச் சொன்னார்.

ஏப்ரல் 8

நாளை வைவா. கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடக்கும். ஆன்லைனில் யாரும் பார்க்கலாம் என்று சுட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடைசி வகுப்பு இன்று காலை முடிந்தது.

"பயமா இருக்குதுங்க மேடம்" என்றார். "இருபத்தாறு வருசம் நான் கேள்வி கேட்டுத்தான் பழக்கம்."

எனக்கும் பயமாக இருக்கிறது. அவர் தேற வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றும் நினைக்கிறேன். சூழல் காரணிகள் என்று சொல்லிவிட்டுத் தேறிவிட்டால் அவரை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

ஏப்ரல் 9

பார்வையாளர்களில் ஒருத்தியாகச் சேர்ந்தேன். பெயர் போடும் இடத்தில் எம்.பி. என்று மட்டும் போட்டேன். அறை நிறைய ஆட்கள். முதல்வர், எங்கள் துறை ஆசிரியர்கள் எல்லோரும், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், முன்வரிசையில் விசாலாட்சியம்மா பட்டுப்புடவையில். நாச்சிமுத்து சாரை ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறேன். கோட் போட்டிருந்தார். தோளில் பெரிதாக நின்றது. தலை முழுக்க நரைத்திருந்தது. குரலாக மட்டும் இருந்தபோது அவ்வளவு வயது தெரியவில்லை.

நன்றாகப் பேசினார். வரைபடத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், தடுமாறவில்லை. நான் வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடு பதினாலு வந்தது. வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இந்த ஒரு புள்ளி எப்படி? இன்டர்னல் பதினொண்ணு, எக்ஸாம்ல எழுபத்திரண்டு?"

செருமினார். இன்னொரு முறை செருமினார்.

"அது நான் போட்ட மார்க்குங்க. கோபத்துல போட்டது. வகுப்புல நான் ஒரு கணக்கத் தப்பாப் போட்டேன், அந்தப் பொண்ணு எந்திரிச்சு சரியாச் சொல்லுச்சு. அதுக்காகப் போட்டேன். தப்பு என்னோடதுங்க."

சரியாக அந்த நேரத்தில் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு காபித் தட்டு வந்தது. முதல்வர் திரும்பித் தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சைகை காட்டினார். துறை ஆசிரியர்கள் இரண்டு பேர் போண்டாவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மைக் நடுவில் கரகரத்தது. தேர்வாளர் தலையை ஆட்டிவிட்டு, "ஓகே, ஆசிரியர் சார்பு. சரி, சாம்பிள் ஏன் அறுபத்து மூணோட நின்னுடுச்சு?" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான். பத்து வினாடி இருக்கும். ஒன்றரை வருடம் நான் காத்திருந்த வாக்கியம், நாலு பேர் இல்லை, எழுபது பேர் இருந்த அறையில் சொல்லப்பட்டது. யார் காதிலும் ஏறவில்லை. கல்லூரிக்காரர்கள் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தவும் மறந்திருந்தார்கள்.

விசாலாட்சியம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முனைவர் பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சார் நன்றி சொன்னார்: நிர்வாகத்துக்கு, முதல்வருக்கு, நெறியாளருக்கு, குடும்பத்துக்கு. என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். மாலை போட்டார்கள். நான் திரையை மூடிவிட்டு நன்றாக அழுதேன். அம்மா கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். வகுப்பு என்றேன்.

அந்தப் பதினொன்று பதினொன்றாகத்தான் இருக்கும். என் ரேங்க் நாலுதான். மூன்றாவது ரேங்க் வாங்கியவள் இந்நேரம் சென்னையில் இரண்டாம் பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். அந்த அறையிலிருந்து ஒருவர்கூட என்னைத் தேடி வந்து ஒன்றும் சொல்லப் போவதில்லை. எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. பசித்தது.

மூன்று மணிக்கு விசாலாட்சியம்மாவின் எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"ஸ்லைடு பதினாலு சரியாச் சொன்னனுங்களா மேடம்?"

பதில் எழுத உட்கார்ந்தேன். பதினோரு முறை பழகிய பாயிண்ட் மூணு ஆறைப் பற்றி எழுதினேன். அப்பா கடையைப் பற்றி அவர் சொன்னதை எழுதினேன். பட்டமளிப்பு விழாவில் மூன்றாவது பெயரைக் கூப்பிட்டபோது அது என் பெயர்தான் என்று அப்பா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றதை எழுதினேன். திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன், பிறகு அழித்தேன்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"சரியாத்தான் சொன்னீங்க சார். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."